யாரும் பார்க்காத தட்டு

போடியில் எங்கள் காம்பவுண்டில் மூன்று வீடுகள். வாசலை ஒட்டிய வீட்டில், என்னோடு ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்குகிற ஒருத்தி இருக்கிறாள். கடைசி வீடு என்னுடையது. நடு வீட்டில் ஒரு ஜீப்பு டிரைவரும் அவன் பெண்டாட்டியும், அவர்களுடைய ஒன்றரை வயதுப் பெண்பிள்ளையும் குடியிருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பெண்டாட்டியைப் பற்றித்தான். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது.

அவள் மலைக்காரி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டு லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளையை மோளே என்று கூப்பிடுவாள். போதும் என்பதற்கு மதி என்பாள். புருசன் விடியும் முன்பே ஜீப்பில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனால், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவான். பகலெல்லாம் அவளும் பிள்ளையும்தான்.

பிள்ளை சாப்பிடாது. அடம்பிடித்து அழுதுவிட்டுப் பிறகு தின்கிற பிள்ளைகளைப் போல இல்லை இது. கிண்ணத்தோடு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்ளும். அழாது, கத்தாது, அப்படியே உட்கார்ந்திருக்கும். பால் குடிக்கும். டீயில் நனைத்த பிஸ்கட்டைச் சப்பும். சோறு, பருப்பு, கீரை, முட்டை என்று வேறு எதுவும் உள்ளே போகாது. கன்னத்தில் சதையே இல்லாமல் கண் மட்டும் பெரிதாகத் தெரியும். டாக்டரிடம் காட்டினார்கள். நோய் ஒன்றும் இல்லை, நல்ல சாப்பாடாகக் கொடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். கொடுக்கத்தானே வழி தெரியவில்லை.

காம்பவுண்டில் ஒரு பிள்ளை சாப்பிடவில்லை என்றால் அது அந்த வீட்டுச் சோலியாக மட்டும் இருப்பதில்லை. வாசல் வீட்டுக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போவாள். காக்காயைக் காட்டுவாள், நாயைக் காட்டுவாள், வாழைத்தார் ஏற்றி வருகிற லோடு ஆட்டோவைக் காட்டுவாள். பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கிற நேரத்தில் ஒரு ஸ்பூனை உள்ளே தள்ளுவாள். போன வேகத்தில் அது அவள் சேலைக்குத் திரும்பி வரும்.

"ஏத்தா, இது ஒன் மக வாயா, இல்ல நம்ம குடோன் ஷட்டரா?" என்று நடு வீட்டைப் பார்த்துக் கத்துவாள்.

செல்போனில் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். பாட்டு முழுவதையும் பிள்ளை பார்த்தது, வாயைத் திறக்காமலே. நான் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. இன்னொருவர் வீட்டுக்குள் போய் உட்காரவே எனக்குக் கூச்சம். என் வாசற்படியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அவளுடைய மாமியார் சிலமலையில் இருக்கிறார். புருசன் இல்லை. கொஞ்சம் தோட்டம், நாலைந்து முருங்கை மரம், ஒரு பசு. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்சில் வருவார். வரும்போதெல்லாம் ஒரு டின் நிறையச் சத்துமாவு கொண்டு வருவார். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை எல்லாவற்றையும் கைப்பட வறுத்து, மகன் மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஏலக்காயைக் கை கையாக அள்ளிப் போட்டு மில்லில் அரைத்த மாவு. என் பேத்திக்கு ஏலக்காய் போட்டுத்தான் கூழு என்று பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு வருவாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளையின் சட்டையைத் தூக்கி விலாவைத் தடவிப் பார்த்தார். நான் என் வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"எலும்பை எண்ணிப்புடலாம் போல. இங்க பாரு, அடுத்து பால்வாடியில எடை போடுறன்னைக்கு ஏறியிருக்கணும். ஏறலையா, நான் தூக்கிட்டுப் போறேன். ஒரு ரெண்டு வருசம் எங்கிட்ட கெடக்கட்டும். நீ வேணும்னா வந்து பாத்துட்டுப் போ."

"சரி அத்தே" என்றாள் அவள்.

நான் உருவுவதை நிறுத்திவிட்டேன். சிலமலை ஒன்றும் தூர தேசம் இல்லை. பஸ்சில் ஏறினால் கொஞ்ச நேரம். ஆனால் புருசனுக்கு விடியும் முன் சோறு கட்ட அவள் போடியில் இருந்தாக வேண்டும். தாய் ஒரு வீட்டிலும் பால் மறக்காத பிள்ளை ஒரு வீட்டிலும் படுத்தால் பஸ் தூரத்தை வைத்து அதை அளக்க முடியாது. மாமியாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளை தேறவேண்டும் என்ற தவிப்பு. தனி வீட்டில் ஒரு சத்தம் வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் அவள் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவே இல்லை. கிண்ணத்தை வைத்துக்கொண்டு பிள்ளையின் முகத்தையே பார்ப்பாள். பக்கத்தில் கொண்டு போவாள், எடுத்துவிடுவாள். எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அவளே சொன்னாள்.

"பெரியம்மா, ஒண்ணு கவனிச்சேன். கூழு நாக்குல படுறதுக்கு முன்னாடியே மூஞ்சியத் திருப்புறா. கிண்ணம் இந்தா, இம்புட்டுத் தூரத்துல வரும்போதே திருப்புறா. அப்ப ருசி புடிக்காம இல்ல. வாசம்தான் புடிக்கல."

கிண்ணத்தைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ஏலக்காய் வாசம் தூக்கலா இருக்கா, பாருங்க."

மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல காய், வெடித்த காய், வெளுத்த காய் என்று பிரித்துப் பிரித்து, இத்தனை வருசம் ஏலக்காய்க் குவியலுக்கு நடுவிலேயே உட்கார்ந்த மூக்கு அது. குடோனுக்குள் நுழைகிற வெளியூர்க்காரர்கள் ஆகா என்று மூச்சை இழுக்கும்போது, எதைச் சொல்கிறார்கள் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

"எனக்குத் தெரியலையே தாயி. ஒனக்கு?"

"எனக்கு எங்க தெரியும். நான் காய் காயப்போடுற ஸ்டோருக்குப் பின்னாடி பொறந்தவ."

வாசல் வீட்டுக்காரியிடம் கொண்டு போனாள். அவள் மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்துவிட்டு, "வாசமா? கூழுல கூழு வாசம்தான் அடிக்கும்" என்றாள். சாயங்காலம் புருசன் வந்தான். அவன் ஜீப்பில் ஆள் ஏறாத நாளில் காய் மூட்டைதான் ஏறும். மோந்துவிட்டு யோசித்து, "டீசல் வாசம் அடிக்குது" என்றான்.

"அது ஒங்க கை" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஏலக்காய் ஊரில் ஏலக்காய் வாசம் தெரிந்த ஒரு மூக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை. வாயில் வைத்துப் பார்க்கலாம் என்றால், பிள்ளைக்குக் கிண்டிய கூழைப் பெரியவர்கள் எச்சில் பண்ணக் கூடாது என்று அவள் மாமியார் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. அதனால் மாவு அரைத்தவரும் வாயில் வைத்ததில்லை, கிண்டியவளும் வைத்ததில்லை. பிள்ளை ஒன்றுதான் அந்தக் கூழை அறிந்தது. அதற்குத்தான் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பொட்டிபுரத்திலிருந்து கீரை கொண்டு வருகிற பொம்பளை வந்தாள். கூடையை இறக்குவதற்குள் நடு வீட்டுக்காரி கிண்ணத்தை நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் மோந்து பாருங்கக்கா."

கீரைக்காரி மோந்தாள். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னத்தா இது, சோப்பைக் கரைச்சு வச்சிருக்க?"

"கூழுக்கா. எச்சிலானா ஆகட்டும், வாயில வச்சுத்தான் பாருங்களேன்."

ஒரு வாய் குடித்தாள். கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினாள். "நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு காரமா எறங்குது. கல்யாண வீட்டுப் பாயசத்துல ஏலக்காய் மணந்தா நல்லாத்தான் இருக்கும். அதுக்காக இப்படியா? யாருக்கு இது, இருமல் மருந்தா?"

"எம் மகளுக்கு. மூணு வேளையும்."

"நல்ல வேளை, புள்ளைக்கு அறிவு இருந்துச்சு, தின்னல" என்றாள் கீரைக்காரி.

பிள்ளையின் தாய் படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே டினில் மிச்சம் இருந்த மாவை எடுத்துத் தேங்காய் போட்டுப் புட்டாக அவித்துப் புருசனுக்குக் கட்டிக் கொடுத்தாள். ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லோரும் பிய்த்துத் தின்றார்களாம்.

இதோடு சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். ஆகவில்லை. ஏலக்காய் இல்லாமல் கிண்டிய கூழுக்கும் பிள்ளை உதட்டை மடித்தது. கிண்ணம் என்றாலே அதற்குப் பயம் வந்துவிட்டது. ஸ்பூனைக் கண்டால் தவழ்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

என்னைப் போன்றவள் அங்கேயே சோர்ந்து போயிருப்பாள். அவள் கிண்ணத்தையும் ஸ்பூனையும் எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். மத்தியானம் பாயை விரித்துத் தன் தட்டைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. தான் தின்பதில் காரம் சேர்க்கும் முன் எடுத்து வைத்தது, அதில் ஒவ்வொன்றும் துளித்துளி. குழைந்த பருப்புச் சோறு, கடைந்த கீரை, விரலால் தொட்டால் நசுங்குகிற பரங்கிக்காய், அவள் ஊர்ப் பழக்கத்தில் அவித்த ஏத்தப்பழம் என்கிற நேந்திரம்பழம். பிள்ளையைப் பாயில் உட்கார வைத்துவிட்டு, தான்பாட்டுக்குச் சாப்பிட்டாள். சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் நாள் பிள்ளை பரங்கிக்காயைத் தலையில் தேய்த்தது. அடுத்த நாள் சோற்றைப் பாயின் கோடுகளுக்குள் அமுக்கியது. கீரை சுவர் வரைக்கும் போனது. அவள் திட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் துடைத்துவிட்டு எழுந்தாள். பாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினாள். பிஸ்கட் வாங்குவதை நிறுத்தினாள். புருசன் மட்டும் இரக்கப்பட்டுச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்தான்.

"ஒங்க பாசத்தை ஜீப்புலயே வச்சுப் பூட்டிட்டு வாங்க" என்றாள் அவள். அவன் பிஸ்கட்டைத் தானே தின்றான்.

எங்கள் எல்லோருக்கும் ஒரு உத்தரவு போட்டாள். பிள்ளை சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது.

"பாக்காம எப்பிடித்தா இருக்கிறது? கண்ணைக் கழட்டி வச்சுட்டா வர முடியும்?" என்றாள் வாசல் வீட்டுக்காரி.

"சுவத்தைப் பாருங்கக்கா. அவளை ஒரு கூட்டமே வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்தா அவளுக்கு எப்படி எறங்கும்? ஒங்களை அப்படிப் பாத்தா ஒங்களுக்கு எறங்குமா?"

வாசல் வீட்டுக்காரியால் முடியவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டாள். அப்போது குடோனுக்குக் காய் வரத்துக் குறைந்திருந்ததால் நான் பாதி நாள் வீட்டில்தான் இருந்தேன். பிள்ளையின் தாய் என் வாசலுக்கு வந்து நின்றாள்.

"பெரியம்மா, மத்தியானம் தட்டை எடுத்துக்கிட்டு எங்க பாயிக்கு வாங்க. ரெண்டு பேரா உக்காந்து தின்னா அவளுக்கும் ஆசை வரும். நீங்கதான் யாரையும் உத்துப் பாக்க மாட்டீங்க."

என் கூச்சத்துக்கு ஒரு உபயோகம் இருக்கிறது என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

தினமும் போனேன். நாங்கள் இரண்டு பேரும் மழையைப் பற்றியும் காய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே சாப்பிடுவோம். பிள்ளை தன் தட்டைக் கவிழ்க்கும், அதைத் தலையில் தொப்பியாக வைக்கும். அவள் பேச்சை நிறுத்த மாட்டாள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பால்வாடி டீச்சர் எடை போடும் நாள் வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை பாயைத் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"ஏறலைன்னா குடுத்துருவேன் பெரியம்மா. வார்த்தை சொல்லிட்டேன். ஆனா அன்னைக்கு வரைக்கும் அவ வாயில எதையும் திணிக்க மாட்டேன். திணிச்சா அவ என்னையும் கண்டு கட்டிலுக்கு அடியில போயிருவா."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் தட்டில் முருங்கைக் கீரையும் பருப்பும் போட்டுப் பிசைந்த சோறு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு குடோன் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் முழங்காலில் ஒரு கை ஊன்றியது. பிசுபிசுவென்ற கை. பிறகு என் தட்டு லேசாக அசைந்தது. நான் பேச்சை நிறுத்தவில்லை. என்ன பேசினேன் என்று தெரியாது, வாய் மட்டும் பேசியது. கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. மெல்லுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். என் வாயிலிருந்த சோற்றை விழுங்கினால் பிள்ளை பயந்துவிடுமோ என்று அதை அப்படியே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி தட்டு அசைந்தது.

எதிரில் இருந்தவளை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் குனிந்து தன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தட்டில் சோறு எப்போதோ தீர்ந்துவிட்டது. வெறும் தட்டில் விரல்கள் பிசைந்துகொண்டே இருந்தன. "அப்புறம் என்னாச்சு, சொல்லுங்க" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எத்தனை கெட்டிக்காரத்தனம் வேண்டும் அதற்கு.

அதற்குப் பிறகு பிள்ளை எங்கள் தட்டுகளில் கை வைத்தது, பிறகு தன் தட்டில் வைத்தது. எல்லா நாளும் இல்லை. ஒரு நாள் அள்ளித் தின்னும், மறுநாள் திரும்பியும் பார்க்காது. திரும்பிப் பார்க்காத நாளிலும் அவள் அதே போல எழுந்து தட்டைக் கழுவினாள்.

எடை போட்டார்கள். கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான். ஏறவில்லை என்று சொல்பவர்கள் அப்படியும் சொல்லிக்கொள்ளலாம். அவள் புருசன் அம்மாவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னான். இதெல்லாம் ஏறுனதுல சேத்தி இல்ல, இங்க வந்து நல்லா ஏறட்டும், ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன் என்று அங்கிருந்து பதில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது அவள் பிள்ளையின் கவுன்களை மடித்து ஒரு வயர் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா, நீயே எடுத்து வைக்கிற?"

"வார்த்தை பெரியம்மா." அவ்வளவுதான் சொன்னாள். பையை வாசல் பக்கத்தில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

மாமியார் ஒரு கட்டு முருங்கைக் கீரையோடும், எப்போதும் போல மாவு டினோடும் வந்தார். பையைப் பார்த்தார். மத்தியானம் பாய் விரித்தாள். மாமியாருக்கு ஒரு தட்டு, எனக்கு, அவளுக்கு, சின்னத் தட்டு.

"அத்தே, அவ தின்னும்போது பாக்காதீங்க."

"ஏன், நான் பாத்தா கண்ணு பட்டுருமா?"

"ஒங்க கண்ணு படாது. அவளுக்கு வெக்கம்."

மாமியார் முறைத்தார். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பழக்கமான என் சுவரைப் பார்த்தேன். பிள்ளை பாயில் புதிதாக ஒரு ஆளைப் பார்த்துத் தட்டில் கை வைக்காமல் இருந்தது. அன்று திரும்பிப் பார்க்காத நாளாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவள் மாமியாரிடம் பசு எத்தனை படி கறக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்த மெல்லுகிற சத்தம். கீரைச் சோறு. பரங்கிக்காய். மறுபடி கீரைச் சோறு. தன் தட்டு காலியானதும் நகர்ந்து போய் மாமியார் தட்டில் கை விட்டது. அந்த அம்மாள் அசையவில்லை. கழுத்து மட்டும் மெதுவாகத் திரும்பி, ஓரத்தால் பார்த்துவிட்டு, மறுபடி நேரானது.

அப்போதுதான் அவள் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அத்தே, அடுத்த தடவை மாவு அரைக்கும்போது ஏலக்காய் போடாதீங்க. அவளுக்கு அந்த வாசம் ஆகல. அதான் இத்தன நாளும் வாயைத் தெறக்கல."

நானாக இருந்தால் அந்த வார்த்தையை ஆயுசுக்கும் சொல்லியிருக்க மாட்டேன். மாவை ரகசியமாகக் கொட்டியிருப்பேன், பொய் சொல்லியிருப்பேன், பிள்ளையையும் கொடுத்திருப்பேன்.

மாமியார் நிமிர்ந்தார். "நான் போட்டதா?"

"ஆமா அத்தே. மாவு நல்லா வறுத்திருந்தீங்க, கருகல, கசக்கல. ஏலக்காய்தான் கூட."

"போடியில பொறந்துட்டு ஏலக்காய் ஆகலையாக்கும்."

"ஒங்க மகன் மலையிலதான் ஜீப்பு ஓட்டுறாரு. பஸ்சுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனா மூணாவது வளைவுல வாந்தி எடுக்குறாரு. அது மாதிரிதான்."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மோர் புரை ஏறியது. மருமகள் அவர் தலையில் தட்டினாள்.

"ஒனக்கு வாய் நீளந்தான்" என்றார் மாமியார், இருமலுக்கு நடுவில்.

கை கழுவிவிட்டு வாசலுக்குப் போனார். வயர் பையைத் திறந்து ஒரு கவுனை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஈரம் காயாம மடிச்சு வச்சிருக்க. புள்ளைக்குச் சளி புடிக்காது?"

கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் போய் அந்தக் கவுனை உதறிப் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கவுன்கள் முந்தின நாளே காய்ந்து மொறுமொறுவென்று இருந்தவை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கிளிப்புகளை எடுத்து வந்து, ஒவ்வொன்றாக மாமியார் கையில் கொடுத்தாள்.